புளியமரத்துக்கும் மதகுக்கும் நடுவில்

என் சண்டைக்கார மாமாவுக்கு,

உங்கள் கலா எழுதுகிறேன். நீங்கள் போய் அடுத்த பங்குனியும் வந்துவிட்டது. சிதம்பரத்தைச் சுற்றி உளுந்து பிடுங்க ஆரம்பித்துவிட்டார்கள். காலையில் வேலைக்குப் போகும் ரயிலில் இரண்டு பக்கமும் செடிகள் கறுத்துக் காய்ந்து கிடப்பது தெரிகிறது. முன்பெல்லாம் அதைப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வடை சுட வேண்டும் என்று தோன்றும். இப்போது ஜன்னலை இறக்கிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் காற்று வேண்டுமென்று முறைக்கிறார்கள். முறைத்துவிட்டுப் போகட்டும்.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். முதுநகரில் நம் வீல் அலைன்மென்ட் கடையை உங்கள் சிநேகிதர் ஒருவர் எடுத்து நடத்துகிறார். பெயர்ப்பலகையை மாற்ற வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். நான் அண்ணாமலை நகரில் அதே மருந்துக்கடையில்தான் இருக்கிறேன். நம் நிலா எட்டாவது போகப்போகிறாள். பேச்சு குறைந்துவிட்டது, உயரம் கூடிவிட்டது. அத்தைக்குப் பிரஷர் மாத்திரையை நான்தான் உறையைப் பிரித்துக் கையில் வைக்க வேண்டும். இல்லையென்றால் தலையணைக்கு அடியில் போட்டுவிடுகிறார்கள்.

என் சக்களத்தியும் இருக்கிறாள். அந்த நீலக் காரைத்தான் சொல்கிறேன். காவல் நிலையத்துக்குப் பின்னால் பிடிபட்ட வண்டிகளோடு வண்டியாகக் கிடக்கிறது. முன்கண்ணாடி இருந்த இடத்தில் கொடி ஏறியிருக்கிறது. பாண்டியிலிருந்து அதை நீங்கள் ஓட்டிக்கொண்டு வந்த அன்று சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியது நான்தானே. எனக்கும் அதற்கும் அன்றைக்கே ஆகவில்லை. "இருநூறு குதிரை இருக்கு கலா இதுக்குள்ள" என்றீர்கள். "மேய்க்கறதுக்கு ஆள் இருக்கா?" என்று கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். அப்புறம் சிரிக்காமல் ஒன்று சொன்னீர்கள். "அதான் எனக்கும் பயமா இருக்கு. இந்த வண்டிக்கு என்ன விட ஜாஸ்தி தெரியுது. மொதல்ல ஓட்டக் கத்துக்கணும்."

லைசென்ஸ் வாங்கி இருபது வருஷம் ஆன மனிதர், ஊர் வண்டிகளுக்கெல்லாம் சக்கரம் நேராக்கித் தருகிறவர், ஓட்டக் கற்றுக்கொள்ளச் சென்னையைத் தாண்டிக் கார்ப் பந்தயத் தளத்துக்குப் போனீர்கள். திரும்பி வந்து ஒரு வாரம் டிவி பார்க்கும்போதெல்லாம் உங்கள் வலது கால் தரையை அழுத்தும், விடும், மறுபடி அழுத்தும், விடும். "கால்ல எறும்பா?" என்று கேட்டேன். அடுத்த வகுப்புக்கு இரண்டு இடம் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். உங்களுக்கு இரண்டாவது பாடம், எனக்கு முதல் பாடம். அதற்குள்தான் பங்குனி வந்துவிட்டது.

நடந்ததை எழுதாமல் மற்றதை எழுத முடியாது. எழுதிவிடுகிறேன்.

புவனகிரிப் பக்கம் எங்கள் ஊரில் என்ன வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். காய்ந்த உளுந்துச் செடியைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டியெல்லாம் ஏறி மிதித்து உளுந்தை உதிர்த்துக் கொடுத்துவிடும். பஸ்ஸே ஏறிப் போகும், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அப்பா எப்போதும் அந்தப் புளியமரத்து வளைவை அடுத்துத்தான் பரப்புவார். வளைவில் வண்டிகள் மெதுவாகத்தான் வரும், நின்று நிதானமாக மிதிக்கும் என்பது அவர் கணக்கு. இந்த வண்டிக்கு வளைவில் வேகத்தைக் குறைக்கவே வேண்டாம் என்பது உங்கள் கணக்கு. அன்றைக்கு இரண்டு கணக்கும் ஒரே வளைவில் வந்து நின்றன.

நான் மருந்துக்கடையில் இருந்தேன். வந்து சேர்ந்தபோது உங்களை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். புளியமரத்தில் பட்டை பெயர்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. சாலை முழுக்கச் செடி. அதன்மேல் நடந்த எனக்கே செருப்பு வழுக்கியது. உதிர்ந்த உளுந்து காலடியில் உருண்டது.

அளந்து பார்த்த காவலர் சொன்னார். "மொதல்ல கொஞ்ச தூரம் பிரேக் போட்டிருக்காரு மேடம். செடிய இழுத்துக்கிட்டு வந்திருக்கு வண்டி. அப்புறம் இழுக்கல, செடி நசுங்கிக் கெடக்கு, அவ்வளவுதான். கடைசில பிரேக்கே போடல. வெலகி நேரா மரத்துக்குப் போயிருக்காரு." குடித்திருந்தீர்களா என்று கேட்டார். இல்லை என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த பிறகும் ஊரில் பாதிப் பேர் அதைத்தான் சொன்னார்கள்.

அன்று சாலையில் நின்றிருந்தவர் அப்பா. கவைக்கம்பால் செடியைப் புரட்டிப் போட்டுக்கொண்டு நடுச்சாலையில் நின்றிருக்கிறார். வலது பக்கம் சாக்கு விரித்து நான்கைந்து பெண்கள் புடைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். என்ன ஆச்சுப்பா, என்ன ஆச்சுப்பா என்று நான் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அவர் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"அவரு என்னப் பாக்கவே இல்லம்மா. அந்த மரத்துப் பக்கமே பாத்துக்கிட்டு வந்தாரு."

இந்த வாக்கியம் உங்கள் பிணம் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் முதுநகருக்கு வந்துவிட்டது மாமா. எதிரில் நின்ற மாமனாரையே பார்க்காமல் வந்திருக்கிறான், வண்டித் திமிர், பிரேக்கைக்கூட மிதிக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் வாசலில் டீ குடித்துக்கொண்டே பேசினார்கள். அத்தைக்கு அவர்கள் பேச்சும் பொறுக்கவில்லை, எங்கள் அப்பா நடுச்சாலையில் செடி போட்டதும் பொறுக்கவில்லை. "எம்புள்ளயக் கொன்னுட்டு, அவன்மேலயே பழியும் போடுறாரா ஒங்கப்பன்?" என்று பதினாறாம் நாள் கேட்டார்கள். அன்றோடு அப்பா நம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

இதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது ஒன்றுதான். பள்ளிக்கூடம் திறந்த சமயம், நிலா பஸ்ஸில் யாரோ பேசியதைக் கேட்டுக்கொண்டு வந்தாள். புத்தகப் பையைக்கூட இறக்காமல் கேட்டாள்.

"அம்மா, அப்பா பிரேக் போட மறந்துட்டாராம்மா?"

இல்லை என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. "போயி மூஞ்சி கழுவு" என்றேன். அதற்கப்புறம் அவள் அப்பாவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. உங்களுக்குக் கொள்ளி வைத்த அன்றைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது. நீங்கள் அவளுக்கு மறதிக்காரராகவே இருந்துவிடுவீர்களோ என்று.

தை மாதத்தில் ஒரு நாள் பந்தயத் தளத்திலிருந்து போன் வந்தது. "சார் ரெண்டு ஸ்லாட் புக் பண்ணியிருந்தாரு, தள்ளிப் போய்க்கிட்டே இருக்கு. எப்ப வர்றீங்க?" விஷயத்தைச் சொன்னேன். வைத்துவிடப் போனேன், ஆனால் என் வாய் "நான் வர்றேன்" என்றது. ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. உங்கள் காலுக்குக் கடைசியில் என்ன ஆனது என்று என் காலை வைத்துப் பார்க்க நினைத்தேனோ என்னவோ. அத்தையிடம் மருந்துக் கம்பெனி மீட்டிங் என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன்.

சொல்லிக்கொடுத்தது பெனிட்டா என்ற பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவள். தலையில் தொப்பி, வாயில் ஓயாத பேச்சு. ஆண்கள் எல்லாம் ஆளுக்கொரு ஹெல்மெட்டோடு வந்திருந்தார்கள். நான் சுடிதாரில், பையில் தயிர்சாதத்தோடு நின்றேன். தேவனாம்பட்டினம் கடற்கரைச் சாலையில் நீங்கள் சொல்லிக்கொடுத்த ஓட்டம் அங்கே செல்லுபடியாகவில்லை. வழவழவென்று தேய்த்த பெரிய தளம். அதன்மேல் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நடுவில் ஆரஞ்சு நிறக் கூம்புகள், கோன் என்கிறார்கள். வேகமாக நேரே வந்து, தண்ணீரில் பிரேக் போட்டு, கோனில் மோதாமல் ஒதுங்கிப் போக வேண்டும்.

முதல் தடவை பிரேக்கின்மேல் ஏறி நின்றேன் என்றே சொல்லலாம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தேன். வண்டி என்னை மதிக்கவே இல்லை. திரும்பிய சக்கரத்தோடு நேராகப் போய் கோனைத் தூக்கி எறிந்தது. இரண்டாம் தடவையும் அதே. மூன்றாம் தடவை எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிரேக் சரியில்லை என்றேன்.

"பிரேக் நல்லாத்தான் இருக்கு அக்கா. டயருக்கு இருக்கற பிடி ஒரு கொடம் தண்ணி மாதிரி. இந்த மாதிரி வழுக்குற எடத்துல கால் கொடந்தான் இருக்கும். அத்தனையும் பிரேக்குக்கே ஊத்திட்டீங்க. திரும்பறதுக்கு எங்க மிச்சம்? கால எடுங்க. சக்கரம் உருளட்டும். உருண்டாத்தான் திரும்பும்."

"மோதப்போவுதுன்னு தெரிஞ்சும் பிரேக்க விடச் சொல்றியா?"

"ஆமா. அதான் பாடமே."

விட முடியவில்லை மாமா. மனது விடு என்கிறது, கால் கேட்க மாட்டேன் என்கிறது. எதிரில் இருப்பது பிளாஸ்டிக் என்று தெரியும், அப்படியும் கால் கட்டைபோல அழுந்திக் கிடக்கிறது. பெனிட்டா பக்கத்து சீட்டிலிருந்து கத்தினாள். "விடுங்க அக்கா, விடுங்க! கோனப் பாக்காதீங்க! எதுல மோதக்கூடாதோ அதப் பாக்கவே கூடாது. பாத்தா கையும் அங்கதான் போவும், வண்டியும் அங்கதான் போவும். எங்க போவணுமோ அத மட்டும் பாருங்க!"

நான் வண்டியை நிறுத்தினேன். தண்ணீர் ஓடும் தளத்தின் நடுவே, மற்றவர்கள் ஹாரன் அடிக்க அடிக்க.

அவரு என்னப் பாக்கவே இல்லம்மா.

கடைசில பிரேக்கே போடல மேடம்.

கதவைத் திறந்து இறங்கினேன். அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வாந்தி வருகிறது என்று நினைத்து அந்தப் பெண் பாலிதீன் பையோடு ஓடி வந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வளைவு, உளுந்துச் செடி, இழுத்த தடம், அப்புறம் இழுக்காத தடம், அப்பா சொன்னது. அவள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"நீல வண்டி அண்ணாவா அக்கா? அவர நல்லா ஞாபகம் இருக்கு. மத்தியானம் வரைக்கும் அவரும் கோன இடிச்சிக்கிட்டேதான் இருந்தாரு. சாயங்காலந்தான் காலு விட்டுச்சு. சின்னப்புள்ள மாதிரி கையத் தட்டுனாரு."

"அப்போ அன்னிக்கி..."

"நான் அங்க இல்ல அக்கா. என்னால சத்தியம் பண்ண முடியாது." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "ஆனா பயத்துல யாருக்கும் அது தானா வராது. பயந்தா கால் மிதிக்கத்தான் செய்யும். விடணும்னா தெரிஞ்சுதான் விடணும்."

நீங்கள் மறக்கவில்லை மாமா. நீங்கள் பிரேக்கை விட்டிருக்கிறீர்கள். அப்பாவைப் பார்க்காமல் வரவில்லை. அவரிடமிருந்து கண்ணைப் பிடுங்கி எடுத்திருக்கிறீர்கள். டிவி முன்னால் உங்கள் கால் அழுத்தி அழுத்தி விட்டது எறும்புக்காக இல்லை.

இதை எழுதும்போது உங்களைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருக்கிறது. கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும்போலவும் இருக்கிறது. ஏனென்றால் கிளம்பும்போது பெனிட்டா இன்னொன்றும் சொன்னாள். "இதெல்லாம் இங்க கத்துக்கறதே ரோட்டுல இது தேவையே படாம ஓட்டறதுக்குத்தான் அக்கா." அதை உங்களுக்கும் சொல்லியிருப்பாள்தானே? கேட்டுவிட்டுத்தானே வந்தீர்கள்? அப்புறம் ஏன் பங்குனி மாதம் எங்கள் ஊர் வளைவில் அந்த வேகம்? எந்தப் பந்தயத்துக்கு? உங்கள் வேகத்துக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அது உங்கள் தப்பு. செடி போட்டது அப்பாவின் தப்பு. ஆனால் அதற்கப்புறம் இருந்த அந்தக் கண்மூடித் திறக்கும் நேரம் இருக்கிறதே, அது உங்களுடையது. அதை ஊர் உங்களிடமிருந்து பிடுங்கிவிட்டது.

இதை அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று மாசி முழுக்க மண்டையைக் குழப்பிக்கொண்டேன். சொல்லி, நேரில் பார்த்த அவரும் ஆமாம் என்றால் என் மகளுக்கு அவள் அப்பா திரும்பக் கிடைப்பார். சொன்னால் எழுபது வயதில் ஒரு மனிதர் தன் உயிர் யாருடையது என்று தினமும் கணக்குப் பார்க்க வேண்டி வரும். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? "வுடு கலா, பெரியவரப் போட்டு வறுக்காத" என்றிருப்பீர்கள். என்னால் விட முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை புவனகிரி பஸ் ஏறினேன்.

அப்பா இந்த வருஷம் சாலையில் போடவில்லை. களத்தில் தார்ப்பாய் விரித்துத் தடியால் தனியாக அடித்துக்கொண்டிருந்தார். மெலிந்துபோயிருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொம்பில் தண்ணீர் நீட்டினார்.

"அப்பா, அன்னிக்கி அவரு ஒங்களப் பாக்கவே இல்லன்னு சொன்னீங்களே. அது தப்புப்பா. அவரு ஏன் பாக்கலன்னு எனக்குத் தெரிஞ்சிபோச்சி."

பெனிட்டா சொன்னதை என் வாய்க்கு வந்தபடி சொன்னேன். குடம், தண்ணீர், பிரேக், கண். அவர் கேட்டுக்கொண்டே தடியைக் கீழே வைத்தார். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். முடித்த பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பாத்தாரும்மா."

எனக்குப் புரியவில்லை.

"மொதல்ல என்னத்தான் பாத்தாரு. வண்டி நேரா எம்மேலதான் வந்துச்சு. எனக்குக் காலு நவுரல. அவரு கண்ணும் எங்கண்ணும் பாத்துக்கிச்சு. அப்புறந்தான் மொகத்தத் திருப்பிக்கிட்டாரு. அதுக்கப்புறம் என்னப் பாக்கவே இல்ல."

"இத ஏம்ப்பா அன்னிக்கிச் சொல்லல?"

"எப்பிடிச் சொல்லுவேன்? ஒந்தாலிய வாங்கிக்கிட்டுத்தான் நான் இங்க நிக்கிறேன்னு, ஒங்கிட்டயே எப்பிடிம்மா சொல்லுவேன்?"

ஒரு வருஷமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது மாமா. வாக்கியத்தின் முதல் பாதியை விழுங்கிவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் ஊருக்குக் கொடுத்திருக்கிறார். ஊர் உங்களைக் குடிகாரன் என்றது, திமிர் பிடித்தவன் என்றது. கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். நான் கத்தினேன். பெற்ற அப்பனிடம் சொல்லக் கூடாத வார்த்தையெல்லாம் சொல்லிக் கத்தினேன். அவர் நீட்டிய தண்ணீரை நான் வாங்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் முழுக்க ஆறவில்லை. ஆறும் என்று உங்களுக்கு இப்போது வாக்குக் கொடுக்க மாட்டேன்.

கத்தி ஓய்ந்த பிறகு, "வாங்க, காட்டுங்க" என்றேன். வளைவுக்கு நடந்தோம். அப்பா தான் நின்ற இடத்தில் போய் நின்றார். சாலை சுத்தமாக இருந்தது. நான் நீங்கள் வந்த பக்கமாகப் போய், உங்கள் சீட் இருந்திருக்கும் இடத்தைக் குத்துமதிப்பாகப் பார்த்து நின்றேன். அவர் மெலிந்த கையை நீட்டினார்.

"அதோ, அந்தப் பக்கந்தான் பாத்தாரு."

புளியமரத்தைத்தான் காட்டுகிறார் என்று நினைத்தேன். இல்லை. அவர் விரல் மரத்துக்கு இடது பக்கம் நீண்டிருந்தது. மரத்துக்கும் வாய்க்கால் மதகுக்கும் நடுவில் ஒரு வண்டிப்பாதை இருக்கிறது மாமா. டிராக்டர் வயலுக்குள் இறங்குகிற பாதை. புல் மூடிக் கிடக்கிறது. அந்தப் பக்கம் அறுத்த வயல், மேடு பள்ளமில்லாத வெறும் வயல். நான் போய்க் கைகளை விரித்து அளந்தேன். ஒரு கார் போகும். தாராளமாக இல்லை, ஆனால் போகும். பட்டை பெயர்ந்த இடம் அந்தப் பாதையின் ஓரத்திலேயே இருக்கிறது. ஒரு முழம் தள்ளியிருந்தால் வயலுக்குள் இறங்கி நின்றிருப்பீர்கள். மண்ணைத் தட்டிக்கொண்டு இறங்கி, அப்பாவைப் பார்த்து ஏதாவது கிண்டல் செய்திருப்பீர்கள்.

நீங்கள் மரத்தைப் பார்க்கவே இல்லை. சாவதற்காகத் திரும்பவில்லை. வீட்டுக்கு வருவதற்காகத்தான் திரும்பியிருக்கிறீர்கள். இதைத் தெரிந்துகொண்டது ஆறுதலா, இன்னும் பெரிய அடியா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் புல்லில் உட்கார்ந்து நானும் அப்பாவும் அழுதோம். தனித்தனியாகத்தான் அழுதோம்.

அன்று சாயங்காலம் நிலாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் வேகமாக வந்ததையும் மறைக்கவில்லை. அவள் கேட்டாள், "அப்போ அப்பா மறக்கலியா?" இல்லை என்றேன். "தாத்தாவுக்காக பிரேக்க விட்டாரா?" ஆமாம் என்றேன். அப்புறம் அவளாகவே போய் உங்கள் படத்தின் மேலிருந்த தூசியைப் பாவாடையால் துடைத்தாள். ஒரு வருஷமாக அந்தப் பக்கம் திரும்பாத பிள்ளை.

அத்தைக்கு இன்னும் சொல்லவில்லை. வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை வாடகைக்கு ஒரு கார் எடுத்து அவர்களையும் நிலாவையும் அந்த வளைவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். வண்டியை நான்தான் ஓட்டுவேன், மாட்டுவண்டி முந்திக்கொண்டு போகிற வேகத்தில். அப்பாவை அங்கே வந்து நிற்கச் சொல்லியிருக்கிறேன். முதல் பாதியை அவர் வாயாலேயே அத்தையிடம் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் அத்தை அவரை அடித்தாலும் சரி, காரித் துப்பினாலும் சரி, நான் நடுவில் போக மாட்டேன்.

உங்களுக்கு ஒரே ஒரு சத்தியம் செய்து தருகிறேன் மாமா. அன்றைக்கு அந்த வளைவு வரும்போது என் கால் பிரேக்குக்குப் போகும், கண் புளியமரத்துக்குத்தான் ஓடும். நான் மரத்தைப் பார்க்க மாட்டேன். நீங்கள் பார்த்த இடத்தைப் பார்த்து, அந்த வண்டிப்பாதைக்குள் இறங்கி, உங்கள் அம்மாவையும் உங்கள் மகளையும் அந்த வயலில் கொண்டுபோய் நிறுத்துவேன். நீங்கள் வந்து சேர வேண்டிய இடம் அதுதானே.

அன்றைக்கு நீங்கள் பார்த்துவிட்டுப் பிறகு பார்க்காமல் இருந்தவரின் மகள்,
உங்கள் பெண்டாட்டி,
கலா